நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயண உணவூட்டம்

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயண உணவூட்டம் என்பது, பல மணி நேரமோ பல நாட்களோ தொடர்ந்து மிதிவண்டி ஓட்டுபவரின் உடலுக்குத் தேவையான ஆற்றல், நீர், உப்பு ஆகியவற்றைப் பயணத்திற்கு முன்னும் பயணத்தின் போதும் பயணத்திற்குப் பின்னும் வழங்கும் முறையாகும். இது விளையாட்டு உணவியலின் ஒரு பகுதியாகும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்திற்கு உடலில் உள்ள சேமிப்பே போதுமானது. அதைவிட நீண்ட பயணங்களில், வழியில் உண்பதும் அருந்துவதும் ஓட்டத் திறனை நேரடியாகப் பாதிக்கின்றன. உணவு குறைந்தால் குருதிச் சர்க்கரைக் குறைவும், நீர் குறைந்தால் உடல் வறட்சியும், நீர் மிகுந்தால் குருதிச் சோடியக் குறைவும் ஏற்படலாம். இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியது.

பொருளடக்கம்
1. உடலியல் அடிப்படை
2. ஆற்றல் கணக்கீடு
3. வரலாறு
4. ஆற்றல் வறட்சி
5. பயணத்தின் போது உணவு
6. நீரும் உப்பும்
7. பயணத்திற்கு முன்னும் பின்னும்
8. பிரெவே பயணங்கள்
9. எச்சரிக்கைகள்
10. இவற்றையும் பார்க்க

1. உடலியல் அடிப்படை

மிதிவண்டி ஓட்டும்போது தசைகள் முதன்மையாக இரண்டு எரிபொருட்களைப் பயன்படுத்துகின்றன. அவை கார்போவைதரேட்டும் கொழுப்பும் ஆகும். புரதத்தின் பங்கு சிறியது. ஒரு கிராம் கார்போவைதரேட்டு ஏறத்தாழ 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரியும் ஆற்றல் தருகின்றன.

கார்போவைதரேட்டு உடலில் கிளைக்கோசன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. நன்கு உண்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராமும் கிளைக்கோசன் இருக்கும். இவை இரண்டும் சேர்ந்து சுமார் 2,000 கிலோகலோரி ஆற்றலே தர வல்லவை. இதற்கு மாறாக, 10 கிலோகிராம் உடற்கொழுப்பு உள்ள ஒல்லியான ஒருவரிடத்திலும் ஏறத்தாழ 90,000 கிலோகலோரி கொழுப்பாகச் சேமிக்கப்பட்டுள்ளது.

கொழுப்பு இவ்வளவு இருந்தும் அதை மட்டும் கொண்டு விரைவாக ஓட்ட இயலாது. கொழுப்பிலிருந்து ஆற்றல் வெளிப்படும் வேகம் குறைவு என்பதே இதற்குக் காரணம். மேலும், அதே அளவு ஆற்றலைப் பெறக் கொழுப்புக்குக் கூடுதல் ஆக்சிசன் தேவைப்படுகிறது. மெதுவாக ஓட்டும்போது கொழுப்பின் பங்கு மிகுதியாகவும், வேகம் கூடக் கூடக் கார்போவைதரேட்டின் பங்கு மிகுதியாகவும் இருக்கும். மேடு ஏறும்போதும் எதிர்க்காற்றில் ஓட்டும்போதும் கிளைக்கோசன் விரைந்து செலவாவது இதனாலேயே.

தசையில் உள்ள கிளைக்கோசனை அந்தத் தசை மட்டுமே பயன்படுத்த முடியும். கல்லீரலில் உள்ள கிளைக்கோசன் குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கிறது. மூளை பெரும்பாலும் குருதியிலுள்ள குளுக்கோசையே நம்பியிருப்பதால், கல்லீரலின் சேமிப்பு தீரும்போது கால்களின் வலிமையோடு சிந்தனைத் தெளிவும் குன்றுகிறது.

2. ஆற்றல் கணக்கீடு

ஓட்டுநர் மிதியில் செலுத்தும் திறன் வாட் அலகில் அளக்கப்படுகிறது. சராசரியாக 120 வாட் திறனுடன் ஒரு மணி நேரம் ஓட்டினால் செய்யப்படும் வேலை 120 × 3,600 = 4,32,000 சூல், அதாவது 432 கிலோசூல் ஆகும்.

மனித உடல், உணவு ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காட்டை மட்டுமே மிதிக்கும் வேலையாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு கிலோகலோரி 4.184 கிலோசூலுக்குச் சமம். ஆகவே உடலின் செயற்றிறனும் அலகு மாற்றமும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. மிதியில் அளக்கப்படும் ஒவ்வொரு கிலோசூலுக்கும் உடல் ஒரு கிலோகலோரி அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுகிறது என்று கொள்ளலாம். திறன்மானி பொருத்திய மிதிவண்டிகளில் ஆற்றல் செலவை மதிப்பிட இந்த எளிய விதி பரவலாகப் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 200 கி.மீ. தொலைவை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில், சராசரி 120 வாட் திறனுடன் ஓட்டுபவர் 8 மணி நேரம் மிதிக்கிறார். அவரது ஆற்றல் செலவு ஏறத்தாழ 3,500 கிலோகலோரி ஆகும். கிளைக்கோசன் முழுவதும் தீர்ந்தாலும் 2,000 கிலோகலோரியே கிடைக்கும். மணிக்கு 60 கிராம் கார்போவைதரேட்டு உட்கொண்டால், 8 மணி நேரத்தில் 480 கிராம், அதாவது 1,920 கிலோகலோரி உணவிலிருந்து கிடைக்கிறது. செலவில் ஒரு பகுதியைக் கொழுப்பும் ஏற்பதால், இவர் கிளைக்கோசனை முற்றிலும் இழக்காமல் பயணத்தை முடிக்க இயலும்.

செலவாகும் ஆற்றல் முழுவதையும் வழியிலேயே உண்டு ஈடு செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அது இயலுவதும் இல்லை. கிளைக்கோசன் தீராமல் காப்பதே வழியுணவின் நோக்கமாகும்.

3. வரலாறு

1903 ஆம் ஆண்டு நடந்த முதலாவது டூர் டி பிரான்சு போட்டி 6 கட்டங்களில் 2,428 கி.மீ. தொலைவைக் கொண்டிருந்தது. பாரிசிலிருந்து லியோனுக்குச் சென்ற முதற்கட்டம் மட்டுமே 467 கி.மீ. ஆகும். அக்காலத்தில் உணவூட்டம் பட்டறிவையும் நம்பிக்கையையும் சார்ந்திருந்தது. ஓட்டுநர்கள் ரொட்டி, இறைச்சி, பழங்கள் ஆகியவற்றோடு மதுவையும் உட்கொண்டனர்.

குருதிச் சர்க்கரைக்கும் களைப்புக்கும் உள்ள தொடர்பு, 1924 இல் பாசுடன் மாரத்தான் ஓட்ட வீரர்களிடம் செய்யப்பட்ட ஆய்வில் வெளிப்பட்டது. களைத்து வந்த வீரர்கள் சிலரின் குருதியில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு, ஓட்டத்தின் போது இனிப்பு உண்டவர்களிடம் இக்குறைவு தவிர்க்கப்பட்டது.

1960களில் சுவீடனைச் சேர்ந்த யோனாசு பெரிசுட்ரோம், எரிக் ஹுல்ட்மன் ஆகியோர் ஊசி மூலம் தசைத் துணுக்கை எடுத்துக் கிளைக்கோசனை அளந்தனர். 1966 இல் வெளியான ஆய்வில் இவ்விருவரும் தாமே சோதனைக்கு உட்பட்டனர். நிலைத்த மிதிவண்டி ஒன்றின் இரு பக்கங்களிலும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். பின்னர் கார்போவைதரேட்டு நிறைந்த உணவை உண்டனர். மூன்று நாட்களில், உழைத்த காலின் கிளைக்கோசன் ஓய்ந்திருந்த காலைவிட ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. 1967 இல் வெளியான மற்றோர் ஆய்வில், கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டவர்கள் ஏறத்தாழ 1 மணி நேரமும், கலப்புணவு உண்டவர்கள் ஏறத்தாழ 2 மணி நேரமும், கார்போவைதரேட்டு மிகுதியாக உண்டவர்கள் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரமும் களைப்படையாமல் மிதித்தனர். போட்டிக்கு முன் கிளைக்கோசனை நிரப்பும் வழக்கம் இவ்வாய்வுகளிலிருந்தே தோன்றியது.

1965 இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இராபர்ட் கேடு தலைமையிலான குழு, சர்க்கரையும் உப்பும் கலந்த கேட்டரேடு என்னும் பானத்தை உருவாக்கியது. 1986 இல் எட்வர்டு கொயல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வெறும் சுவைநீர் அருந்திய மிதிவண்டி வீரர்கள் ஏறத்தாழ 3 மணி நேரத்திலும், கார்போவைதரேட்டு அருந்தியவர்கள் ஏறத்தாழ 4 மணி நேரத்திலும் களைப்படைந்தனர்.

2000களில் ஆசுக்கர் யூக்கன்ட்ரப் குழுவினர் குளுக்கோசையும் புருக்டோசையும் சேர்த்து அளித்தால் உடல் கூடுதலாகப் பயன்படுத்துவதைக் காட்டினர். அண்மைக் காலத்தில் தொழில்முறை வீரர்கள் பலர் மணிக்கு 100 முதல் 120 கிராம் வரை உட்கொள்கின்றனர்.

4. ஆற்றல் வறட்சி

கிளைக்கோசன் தீர்ந்து குருதிச் சர்க்கரை குறையும்போது ஏற்படும் திடீர்த் தளர்ச்சி மிதிவண்டி ஓட்டுநரிடையே நன்கு அறியப்பட்டது. ஆங்கிலத்தில் இது 'பாங்க்' எனவும், செருமன் மொழியில் 'ஹுங்கராசுட்' எனவும் வழங்கப்படுகிறது. இதன் அறிகுறிகள்:

* கால்களில் வலுவின்மை, வேகம் திடீரெனக் குறைதல்
* கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை
* கடும் பசி அல்லது குமட்டல்
* எரிச்சல், மனச்சோர்வு, கவனக் குறைவு
* தலைச்சுற்றல், பார்வை மங்கல்

போக்குவரத்து உள்ள சாலையில் ஓட்டுபவருக்குக் கவனக் குறைவே இவற்றுள் பெரிய ஆபத்தாகும். அறிகுறி தோன்றியவுடன் வண்டியை நிறுத்தி, சர்க்கரைநீர், தேன், இனிப்புப் பானம் போன்ற விரைந்து செரிக்கும் உணவை உட்கொள்ள வேண்டும். பொதுவாக 15 முதல் 20 நிமிடங்களில் தெளிவு திரும்பும். ஆயினும் இழந்த தசைக் கிளைக்கோசன் அப்பயணத்தில் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே வருமுன் காத்தலே முறையாகும்.

தேர்ந்த வீரர்களும் இதற்கு விலக்கல்லர். 2013 சூலை 18 அன்று டூர் டி பிரான்சின் 18 ஆவது கட்டத்தில், ஆல்ப் தூவே மலையின் இரண்டாவது ஏற்றத்தில் கிறிசு புரூமுக்கு ஆற்றல் குறைந்தது. அவரது அணி வீரர் ரிச்சி போர்ட் அணியின் மகிழுந்துக்குச் சென்று சர்க்கரைக் களி கொண்டுவந்து கொடுத்தார். உணவு பெறத் தடை செய்யப்பட்ட இறுதிப் பகுதியில் இது நிகழ்ந்ததால் இருவருக்கும் 20 வினாடிகள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை உறுதி என்று தெரிந்தும் உணவைப் பெற்றது, உண்ணாதிருந்தால் இழக்கும் நேரம் அதைவிட மிகுதி என்பதைக் காட்டுகிறது. புரூம் அவ்வாண்டின் போட்டியை வென்றார்.

5. பயணத்தின் போது உணவு

5.1 அளவு

பயண நேரத்தைப் பொறுத்துப் பரிந்துரைக்கப்படும் கார்போவைதரேட்டு அளவு பின்வருமாறு:

* 45 நிமிடங்களுக்குக் குறைவு: தேவையில்லை
* 1 முதல் 2.5 மணி நேரம்: மணிக்கு 30 முதல் 60 கிராம்
* 2.5 மணி நேரத்திற்கு மேல்: மணிக்கு 90 கிராம் வரை

இந்த அளவுகள் உடல் எடையைப் பெரிதும் சார்ந்தவை அல்ல. சிறுகுடல் உறிஞ்சும் வேகமே எல்லையை வகுக்கிறது. குளுக்கோசைக் குடற்சுவரின் வழியே கடத்தும் எஸ்.ஜி.எல்.டி.1 என்னும் புரதம், மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் அளவில் நிறைவடைந்துவிடுகிறது. புருக்டோசு, குளூட்5 என்னும் வேறொரு கடத்தியின் வழியே செல்கிறது. ஆகவே இரண்டையும் கலந்து உண்டால் மணிக்கு 90 கிராம் வரை உறிஞ்ச முடிகிறது. சாதாரணச் சர்க்கரையான சுக்குரோசு, குளுக்கோசும் புருக்டோசும் சம பங்கில் இணைந்தது. தேனிலும் பழங்களிலும் இவை இரண்டும் இயல்பாகவே உள்ளன. எனவே விலையுயர்ந்த பொருட்கள் இல்லாமலும் இக்கலவையைப் பெறலாம்.

ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டங்களில் வேறொரு விளைவும் கண்டறியப்பட்டுள்ளது. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், கார்போவைதரேட்டுக் கரைசலை விழுங்காமல் வாய் கொப்பளித்துத் துப்பியவர்கள்கூட 40 கி.மீ. தொலைவைச் சற்று விரைவாகக் கடந்தனர். வாயிலுள்ள உணர்விகள் மூளைக்கு அனுப்பும் செய்தியே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

5.2 நேரம்

பசி தோன்றும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் உண்ணத் தொடங்கி, பின்னர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்பது நல்லது. கடும் ஏற்றங்களில் மெல்லுவதும் செரிப்பதும் கடினமாதலால், ஏற்றத்திற்கு முன்னுள்ள சமதளத்தில் உண்பது வழக்கம். கைக்கடிகாரத்தில் நினைவூட்டல் வைத்துக்கொள்வோரும் உண்டு.

5.3 உணவு வகைகள்

சில உணவுகளில் உள்ள கார்போவைதரேட்டின் தோராயமான அளவு:

* நடுத்தர வாழைப்பழம் ஒன்று: 25 கிராம்
* வேகவைத்த வெள்ளரிசிச் சோறு, 100 கிராம்: 28 கிராம்
* வெள்ளை ரொட்டித் துண்டு ஒன்று: 12 முதல் 15 கிராம்
* உலர்ந்த பேரீச்சம்பழம், 100 கிராம்: 75 கிராம்
* தேன், ஒரு மேசைக்கரண்டி: 17 கிராம்
* சர்க்கரைக் களி, ஒரு பொதி: 20 முதல் 30 கிராம்
* 6 விழுக்காடு சர்க்கரைப் பானம், 500 மி.லி.: 30 கிராம்

மேற்கத்திய தொழில்முறை அணிகளில் சோற்றை அழுத்திச் செய்யப்படும் சிறு கட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. இனிப்பாகவும் உப்பாகவும் இவற்றைச் செய்யலாம். தமிழ்நாட்டுச் சாலைகளில் எளிதில் கிடைக்கும் இட்லி, வாழைப்பழம் ஆகியவை நார்ச்சத்தும் கொழுப்பும் குறைந்தவையாதலால் இப்பயன்பாட்டுக்கு ஏற்றவை. வடை, பச்சி போன்ற எண்ணெய்ப் பலகாரங்கள் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் கடுமையாக ஓட்டும்போது பொருந்துவதில்லை. கடலைமிட்டாயில் வெல்லத்தோடு நிலக்கடலையின் கொழுப்பும் இருப்பதால், மெதுவான நீண்ட பயணத்திற்கே அது உகந்தது.

5.4 செரிமானச் சிக்கல்கள்

ஓட்டத்தின் போது குருதி பெருமளவில் தசைகளுக்கும், வெப்பம் மிகுந்தால் தோலுக்கும் திருப்பப்படுகிறது. குடலுக்குச் செல்லும் குருதி குறைவதால் குமட்டல், வயிற்றுப் பொருமல், வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்படலாம். களியைப் போதிய நீரின்றி உண்டாலோ, பானத்தை மிகச் செறிவாகக் கலந்தாலோ இச்சிக்கல் கூடும். வயிறு மறுக்கும்போது வேகத்தைக் குறைத்து, சிறிது நீர் அருந்தி, உடலைக் குளிர்வித்த பின் மீண்டும் சிறு அளவில் உண்ணத் தொடங்க வேண்டும்.

குடலையும் பழக்க முடியும். பயிற்சி ஓட்டங்களில் மணிக்கு 30 அல்லது 40 கிராமில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக அளவைக் கூட்டினால் சகிப்புத்தன்மை வளர்கிறது. முன்பு உண்டு பழகாத எதையும் முக்கியப் பயணத்தன்று முதன்முறையாக உண்ணக் கூடாது என்பது பொது விதி.

6. நீரும் உப்பும்

வியர்வையின் அளவு ஆளுக்கு ஆள், வெப்பத்திற்கு ஏற்ப, மணிக்கு 0.5 முதல் 2 லிட்டர் வரை மாறுபடுகிறது. தன் அளவை அறிய, ஒரு மணி நேர ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கலாம். எடைக் குறைவுடன் இடையில் அருந்திய நீரைக் கூட்டினால் (1 கிலோகிராம் = 1 லிட்டர்) வியர்வையின் அளவு கிடைக்கும். எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இழப்பது, குறிப்பாக வெப்பத்தில், திறனைக் குறைக்கும் எனக் கருதப்படுகிறது.

வியர்வையில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.5 முதல் 2 கிராம் வரை சோடியம் உள்ளது. பல மணி நேரம் வெறும் நீரை மட்டும் மிகுதியாக அருந்தினால் குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப்போகிறது. லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே செல்வது குருதிச் சோடியக் குறைவு எனப்படும். தலைவலி, வாந்தி, கை வீக்கம், குழப்பம் ஆகியவற்றில் தொடங்கி, வலிப்பு, நினைவிழப்பு, மூளை வீக்கத்தால் இறப்பு வரை செல்லக்கூடும். 2002 பாசுடன் மாரத்தானில் ஆய்வுக்கு உட்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இக்குறைவு இருந்தது. ஓட்டத்தின் போது எடை கூடியவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது.

இதன் தொடக்க அறிகுறிகள் உடல் வறட்சியின் அறிகுறிகளை ஒத்திருப்பதே இதன் பெரிய இடர். வறட்சி எனத் தவறாக எண்ணி மேலும் நீர் கொடுத்தால் நிலை மோசமாகும். பயணத்தில் எடை கூடியிருப்பதும், மோதிரமோ கடிகாரப் பட்டையோ இறுகுவதும் நீர் மிகுதியைச் சுட்டுகின்றன. குழப்பமோ வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பொதுவாகத் தாகத்திற்கு ஏற்ப அருந்துவதும், உப்பு சேர்ந்த உணவையோ பானத்தையோ உட்கொள்வதும் பாதுகாப்பானவை. இங்கு மூன்று பானங்களின் வேறுபாட்டை அறிதல் நன்று:

* உயிர்காக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்: உலக சுகாதார அமைப்பின் 2002 ஆம் ஆண்டு வாய்ப்பாட்டின்படி லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 13.5 கிராம் குளுக்கோசும் கொண்டது. உப்பை நன்கு ஈடு செய்கிறது. ஆனால் ஆற்றல் மிகக் குறைவு.
* விளையாட்டுப் பானம்: லிட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரை கொண்டது. சோடியம் குறைவு.
* இளநீர்: பொட்டாசியம் மிகுந்தது. சோடியம் குறைவாதலால் வியர்வை இழப்பை இது மட்டும் ஈடு செய்யாது.

உப்பிட்ட நீர்மோர் நீரையும் உப்பையும் தருகிறது. எனினும் இதிலும் ஆற்றல் குறைவாதலால் உடன் வேறு உணவு தேவை.

7. பயணத்திற்கு முன்னும் பின்னும்

90 நிமிடங்களுக்கு மேற்பட்ட போட்டிகளுக்கு, முந்தைய 36 முதல் 48 மணி நேரத்தில் நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 10 முதல் 12 கிராம் கார்போவைதரேட்டு பரிந்துரைக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேமிக்கப்படுவதால், இந்நாட்களில் உடல் எடை சிறிது கூடுவது இயல்பே. புறப்படுவதற்கு 1 முதல் 4 மணி நேரத்திற்கு முன், கிலோகிராமுக்கு 1 முதல் 4 கிராம் என்ற அளவில் எளிய உணவு உண்ணலாம். புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அளவைக் குறைக்க வேண்டும்.

அடுத்த நாளும் ஓட்ட வேண்டியிருந்தால், பயணம் முடிந்த முதல் 4 மணி நேரத்தில் மணிக்குக் கிலோகிராமுக்கு 1 முதல் 1.2 கிராம் கார்போவைதரேட்டு உண்பது கிளைக்கோசனை விரைந்து நிரப்பும். தசைகளைச் சீர்செய்யக் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.25 முதல் 0.3 கிராம் புரதமும் தேவை. ஓய்வு நாள் தொடர்ந்தால் வழக்கமான உணவே போதும். கிளைக்கோசன் முழுமையாக நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

8. பிரெவே பயணங்கள்

பிரெவே என்பது குறித்த தொலைவைக் குறித்த நேரத்திற்குள் கடக்கும், போட்டியல்லாத நெடும்பயணமாகும். பிரான்சின் ஓடாக்சு கிளப் பாரிசியன் என்னும் கழகம் இவற்றை உலக அளவில் நெறிப்படுத்துகிறது. நேர வரம்பு 200 கி.மீ.க்கு 13.5 மணி, 300 கி.மீ.க்கு 20 மணி, 400 கி.மீ.க்கு 27 மணி, 600 கி.மீ.க்கு 40 மணி ஆகும். சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களிலிருந்தும் இத்தகைய பயணங்கள் நடத்தப்படுகின்றன.

இவற்றுள் புகழ்பெற்றது பாரிசு–பிரெசுட்–பாரிசு ஆகும். 1891 இல் பந்தயமாகத் தொடங்கிய இது, இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவுக்கு 90 மணி நேர வரம்புடன் நடைபெறுகிறது. இதன் நினைவாகச் சக்கர வடிவில் செய்யப்பட்ட 'பாரிசு–பிரெசுட்' என்னும் இனிப்பு 1910 இல் உருவானது.

பிரெவே பயணத்தில் உணவூட்டம் போட்டியிலிருந்து வேறுபடுகிறது. பதிவு நிலையங்கள் தவிர வேறிடங்களில் துணை வாகனத்தின் உதவியைப் பெற இயலாது. ஆகவே வழியில் எந்தக் கடை எந்நேரம் திறந்திருக்கும் என்பதை முன்னரே அறிந்து, குறிப்பாக இரவு நேரத்துக்கு உரிய உணவைக் கையில் கொண்டு செல்ல வேண்டும். உண்ணும் நேரத்திலும் கடிகாரம் நிற்பதில்லை. வேகம் குறைவாதலால் கொழுப்பின் பங்கு மிகுகிறது. அமர்ந்து உண்ணும் முழு உணவையும் உடல் ஏற்கிறது. பல மணி நேரம் இனிப்பையே உண்டால் நாவில் வெறுப்பு ஏற்படுவதால், உப்பும் காரமும் கலந்த உணவுகளை இடையிடையே சேர்ப்பது வழக்கம். இரவில் காப்பி உதவினாலும், தூக்கத்துக்கு அது மாற்றாகாது.

9. எச்சரிக்கைகள்

* நீரிழிவு உடையோர், குறிப்பாக இன்சுலின் எடுப்போர், மருத்துவரின் அறிவுரையுடனேயே நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டும். உரிய கவனிப்புடன் இது இயலக்கூடியதே. வகை 1 நீரிழிவு உடையோரை மட்டுமே கொண்ட தொழில்முறை அணி ஒன்று 2013 முதல் பன்னாட்டுப் பந்தயங்களில் பங்கேற்றுள்ளது.
* எடையைக் குறைக்கும் நோக்கில் நெடும்பயணத்தில் உணவைத் தவிர்ப்பது தவறு. நாட்பட்ட ஆற்றல் பற்றாக்குறை எலும்பு, இயக்குநீர், நோய் எதிர்ப்பு ஆகியவற்றைப் பாதிக்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 இல் இதனைத் தனி நோய்க்குறித் தொகுப்பாக வரையறுத்தது.
* அடிக்கடி இனிப்பு உண்பது பல் சிதைவுக்கு வழிவகுக்கும். இடையிடையே வெறும் நீரால் வாயை அலசலாம்.
* இங்குக் கூறப்பட்ட அளவுகள் நீண்ட, தொடர்ச்சியான ஓட்டங்களுக்கு மட்டுமே உரியவை. அன்றாட உணவுக்குப் பொருந்தா.

10. இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* கிளைக்கோசன்
* உடல் வறட்சி
* டூர் டி பிரான்சு
* விளையாட்டு மருத்துவம்